என்பு நோய்களும் மரபணு மருத்துவமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வரலாறு என்றதும் அரச பரம்பரைகளும் போர்க்களங்களும் ஆட்சி மாற்றங்களுமே நம் கண்முன் தோன்றுகின்றன. கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச் சுவடியையும் சான்றாகக் கொள்ளப் பழகிய வரலாற்று மாணவன், மனித உடலும் ஒரு சான்றுக் களஞ்சியமே என்பதை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மக்கட் கூட்டம் எங்கிருந்து வந்தது, யாருடன் மணவுறவு கொண்டது, எத்தனை தலைமுறை ஒதுங்கி வாழ்ந்தது என்பனவெல்லாம் அதன் குருதியிலும் என்பிலும் பதிந்து கிடக்கின்றன. அப்பதிவுகளை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைத்தியர் சிலர் படிக்கத் தொடங்கினர். அப்படிப்பின் பயனாக, தேய்ந்துபோன என்பை மீளக் கட்டியெழுப்பும் மருந்தொன்று 2019 ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்தது.

இம்மருந்தின் கதை ஆய்வுகூடத்தின் வெற்றிக் கதையாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. ஆய்வுகூடத்துக்கு முன்னே ஒரு குடியேற்ற வரலாறும், ஒரு மீன்பிடித் தீவின் வரலாறும், நோயுற்ற சில குடும்பங்களின் துயர வரலாறும் உள்ளன. ஆய்வுகூடத்துக்குப் பின்னே சந்தையும் சட்டமும் உள்ளன. எனவே இக்கட்டுரை இரண்டு வினாக்களை எழுப்ப முற்படுகின்றது. என்பை ஆக்கும் அறிவு எத்தகைய சமூகச் சூழலிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. அவ்வறிவின் பயன் எத்திசையிற் சென்றது என்பது மற்றொன்று. கலைப்பீட மாணவன் ஒருவன் மருத்துவப் பொருள் பற்றி எழுதத் துணிவது, இவ்விரு வினாக்களும் மருத்துவத்துக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் உரியன என்ற நம்பிக்கையினாலேயாகும்.

கம்பனியின் குடியேற்றமும் அதன் பதிவேடுகளும்

1652 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யான் வான் றீபெக்கின் தலைமையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள் ஆபிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இறங்கினர். கீழைத்தேயம் நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு நன்னீரும் மரக்கறியும் இறைச்சியும் வழங்கும் தங்குமிடம் ஒன்றை அமைப்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1796 வரை நம் நாட்டின் கரையோரங்களை ஆண்ட அதே கம்பனியே இது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1657 இல், கம்பனிச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிலருக்கு முனைப் பகுதியில் விளைநிலம் வழங்கப்பட்டது. 1688 அளவில், பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்கு ஆளான புரட்டஸ்தாந்தர் சிறு தொகையினர் அங்கு வந்து சேர்ந்தனர். ஜேர்மானியரும் கலந்தனர். பூர்வகுடிகளான கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலங்களைப் பறித்து விரிந்த இக்குடியேற்றத்தின் வழித்தோன்றல்களே பின்னர் ஆபிரிக்கானர் என வழங்கப்பட்டனர்.

தொகையிற் சிறிய ஒரு மூலக் குழுவிலிருந்து பெருஞ் சமூகமொன்று பெருகும்போது நிகழ்வதை மரபியலார் 'மூலவர் விளைவு' என்பர். முதல்வர்களுள் ஒருவரிடம் மறைந்திருந்த பழுதுபட்ட மரபணு, அவர்தம் சந்ததி பெருகப் பெருகத் தானும் பெருகுகின்றது. நமது பாடசாலை நூல்கள் பரம்பரையலகு என்று குறித்ததே இன்று மரபணு எனப்படுகின்றது. ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவிலும் இரு பிரதிகளைப் பெறுகின்றனர். பின்னிடைவான நோய்களில், ஒரு பிரதி பழுதுபட்டாலும் மற்றையது காப்பாற்றிவிடும். காவியாக இருப்பவர் நலமாகவே வாழ்வார். காவிகள் இருவர் மணம் புரியின், அவர்தம் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். ஒரே சமயம், ஒரே மொழி, ஒரே நிறம் என்னும் வேலிகளுக்குள் மணவுறவு கொள்ளும் சமூகத்தில் காவிகள் தம்மையறியாமலே சந்திக்கின்றனர்.

ஆபிரிக்கானரிடையே பரம்பரை நோயொன்றை ஆதிமுதல்வர் வரை பின்தொடர இயலும் என்பதை முதலில் நன்கு காட்டியவர் போர்ட் எலிசபெத் நகரில் பணியாற்றிய ஜெவ்ரி டீன் என்ற வைத்தியராவார். தோலையும் நரம்பையும் தாக்கும் போர்பிரியா எனும் நோயை அவர் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடி, 1688 இல் முனைப் பகுதியில் நடைபெற்ற ஒரு திருமணத்திற் கொண்டுபோய் நிறுத்தினார். தேவாலயங்களும் கம்பனியும் பேணிய பதிவேடுகள் இன்றேல் இத்தேடல் கைகூடியிராது.

ஆயின் பதிவேடு எல்லோரையும் ஒரேவிதமாகப் பதிவதில்லை. கம்பனி அடிமைகளாகக் கொண்டுசென்றோர் மடகஸ்காரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் நம் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். 'வங்காளத்தவன்', 'இலங்கையள்' என்றவாறு ஊர்ப்பெயரோடு மட்டும் பதிவிற் புகுந்து, முன்னோர் எவரென அறியப்படாமலே அவர்கள் மறைந்தனர். குடியேறியோருக்கு வமிசாவளி இருந்தது. அடிமைப்பட்டோருக்கு அது மறுக்கப்பட்டது. மரபியலாருக்குக் கிடைத்த சான்றுகளே ஒரு சமூக அமைப்பின் விளைபொருள் என்பதை நாம் மறத்தலாகாது.

கேப்டவுனும் உர்க் தீவும்

1958 ஆம் ஆண்டில் கேப்டவுனைச் சேர்ந்த ட்ரஸ்வெல் என்ற வைத்தியர் விநோதமான என்பு நோயொன்றைப் பற்றி எழுதினார். நோயாளரின் என்புகள் அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தன. கைவிரல்கள் பிறவியிலேயே ஒட்டியிருந்தன. முன்னரே அறியப்பட்டிருந்த வேறொரு நோயின் திரிபாகவே அவர் இதனைக் கருதினார். 1967 இல் ஹான்சன் என்பவர் இதனைத் தனிநோயாகக் கொண்டு ஸ்கிளெரோஸ்ரியோசிஸ் எனப் பெயரிட்டார். 1972 இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மனித மரபியற் பேராசிரியரான பீற்றர் பெய்ற்றன் நோயுற்ற குடும்பங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். 1976 இல் ஆபிரிக்கான நோயாளர் 25 பேரின் நிலையைத் தொகுத்து வெளியிட்டார். காது சத்திரசிகிச்சை நிபுணரான ஹமர்ஸ்மா பல ஆண்டுகளாக இந்நோயாளருக்குச் சிகிச்சையளித்து வந்தார்.

இந்நோயாளரின் என்பு முறிவதில்லை என்றே கூறலாம். பிறர் கை கால் முறியும் விபத்துகளிலும் இவர்கள் தப்பிவிடுவர். ஆனால் அவ்வலிமையே அவர்களை அழிக்கின்றது. மண்டையோட்டின் என்பு வளர வளர, நரம்புகள் வெளிவரும் துவாரங்கள் ஒடுங்குகின்றன. முகநரம்பு நெருக்குண்டு குழந்தைப் பருவத்திலேயே முகம் செயலிழக்கின்றது, செவி கேளாது போகின்றது, தாடை பெருக்கின்றது. ஈற்றில் மூளைக்கு இடம் போதாமல் மண்டைக்குள் அழுத்தம் மிகுந்து திடீர் மரணம் நேர்கின்றது. 1964 முதல் 2002 வரை தென்னாபிரிக்காவில் கண்டறியப்பட்ட 63 நோயாளரைப் பற்றி ஹமர்ஸ்மாவும் பெய்ற்றனும் சகாக்களும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. அக்காலத்துள் 34 பேர் இறந்தனர். அவர்களுள் 24 பேரின் மரணத்துக்கு மண்டைக்குள் மிகுந்த அழுத்தமே காரணம். மண்டையோட்டின் பகுதியைத் திறந்து அழுத்தத்தைத் தணிக்கும் சத்திரசிகிச்சையே மருத்துவம் தரக்கூடியதாக இருந்தது.

இதே காலப்பகுதியில் நெதர்லாந்திலும் ஒத்த நோயொன்று அறியப்பட்டது. 1955 இல் வான் புக்கெம் என்ற வைத்தியர் அதனை விவரித்தார்; நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதற்குரிய குடும்பங்கள் உர்க் என்னும் மீனவக் குடியிருப்போடு தொடர்புடையவை. உர்க் நூற்றாண்டுகளாக உட்கடல் ஒன்றின் நடுவே தனித்திருந்த சிறு தீவு. 1932 இல் பேரணை கட்டி அக்கடலின் வாயில் அடைக்கப்பட்டது. 1939 இல் மற்றோர் அணையினால் தீவு பெருநிலத்தோடு இணைக்கப்பட்டது. அதுவரை தீவார் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணம் புரிந்தனர். ஆபிரிக்கானரை நிறமும் சமயமும் ஒதுக்கின. உர்க் மக்களை நீர் ஒதுக்கியது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே.

வான் புக்கெம் நோயில் விரல் ஒட்டுதல் இல்லை. கடுமையும் சற்றுக் குறைவு. எனினும் இரண்டையும் ஒப்பிட்ட பெய்ற்றனும் சகாக்களும் இவை ஒரே மரபணுவின் பழுதால் விளைவனவாகலாம் என 1984 இல் கருத்து வெளியிட்டனர். ஒல்லாந்திலிருந்து முனைக்குச் சென்ற கப்பலொன்றிலேயே இப்பழுதும் சென்றிருத்தல் வேண்டும் என்று ஊகிப்பது இயல்பே. அவ்வூகம் எத்துணை உண்மை என்பதை அறிய மேலும் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மரபணுவைக் கண்டமை

2001 ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே அம்மரபணுவைக் கண்டறிந்தனர். ஒரு குழு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மருந்துக் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியது. பெய்ற்றனும் ஹமர்ஸ்மாவும் அக்குழுவின் வெளியீட்டிற் பங்காளராயினர். மற்றையது பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் பல்கலைக்கழகக் குழு. பதினேழாம் நிறமூர்த்தத்தில் அமைந்த அம்மரபணு உருவாக்கும் புரதத்துக்கு ஸ்கிளெரோஸ்ரின் எனப் பெயரிடப்பட்டது.

ஆபிரிக்கான நோயாளரில், அப்புரதத்தை ஆக்கும் கட்டளையின் தொடக்கத்திலேயே 'நிறுத்து' என்னும் குறி தவறாகப் புகுந்திருந்தது. ஆதலின் புரதம் உருவாகவே இல்லை. ஒல்லாந்த நோயாளரிலோ மரபணு பழுதின்றி இருந்தது! ஆனால் அதற்கு அப்பால் ஏறத்தாழ 52,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி இழக்கப்பட்டிருந்தது என்பது 2002 இல் வெளியாயிற்று. என்பில் அம்மரபணுவை இயக்கும் ஆளி போன்ற பகுதி அதனோடு போயிருந்தது. எனவே பெய்ற்றன் கருதியது சரி: மரபணு ஒன்றே. கப்பலைப் பற்றிய ஊகமோ பிழை: பழுதுகள் இரண்டும் வேறு வேறு, ஒன்று மற்றொன்றிலிருந்து வரவில்லை. ஒத்த நோயையும் ஒத்த மூதாதையரையும் கண்டவுடன் ஒரே மூலத்தை முடிவுசெய்துவிடும் வரலாற்று மாணவனுக்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும்.

ஸ்கிளெரோஸ்ரினின் தொழில் யாது? என்பு கல்லைப்போல் உறைந்த பொருளன்று. பழைய என்பை அழிக்கும் கலங்களும் புதிய என்பை ஆக்கும் கலங்களும் அதில் ஓயாது தொழிற்படுகின்றன. என்பினுள்ளே புதைந்து வாழும் முதிர்ந்த கலங்கள் ஸ்கிளெரோஸ்ரினைச் சுரக்கின்றன. 'போதும், இனி ஆக்கவேண்டாம்' எனக் கட்டுமானக் கலங்களுக்குத் தடை விதிப்பதே அதன் தொழில். வண்டிக்குத் தடுப்பு எவ்வாறோ, என்பாக்கத்துக்கு ஸ்கிளெரோஸ்ரின் அவ்வாறு. தடுப்பில்லாத வண்டியே ஸ்கிளெரோஸ்ரியோசிஸ்.

இதே ஆண்டில் மறுபுறத்திலிருந்தும் ஒளி கிடைத்தது. பிள்ளைப் பருவத்திலேயே பார்வையிழந்து, என்பு நலிந்து, சிறு அதிர்ச்சிக்கும் முறிவுறும் மிக அரிய பரம்பரை நோய் ஒன்றுண்டு. அந்நோயாளரில் எல்.ஆர்.பி.5 எனும் மரபணு செயலிழந்திருப்பது 2001 இல் கண்டறியப்பட்டது. 2002 இல் அமெரிக்கக் குடும்பங்கள் இரண்டில் அதே மரபணுவின் வேறொரு மாற்றம் என்பை அசாதாரண அடர்த்தியுடையதாக்கியிருப்பது தெரியவந்தது. கட்டுமானக் கலங்களின் மேற்பரப்பில், 'ஆக்குக' என்னும் செய்தியை வாங்கும் புரதத்தையே எல்.ஆர்.பி.5 உருவாக்குகின்றது. அதனைப் பற்றிப் பிடித்தே ஸ்கிளெரோஸ்ரின் தடை விதிக்கின்றது என்பது 2005 இல் தெளிவாயிற்று. என்பு மிகுந்தோரும் என்பு இழந்தோரும் ஒரே பாதையின் இரு முனைகளில் நின்றனர். எங்கோ வாழ்ந்த, ஒருவரையொருவர் அறியாத சில குடும்பங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதே அப்பாதை புலப்பட்டது.

மருந்து சென்ற திசை

நோயாளரின் பெற்றோரும் உடன்பிறந்தோருமாகிய காவிகளைச் சோதித்தபோது, அவர்களது என்பு சராசரியிலும் அடர்த்தியாகவே இருக்கக் காணப்பட்டது. உடல் நலத்துக்கோ குறையில்லை. ஆகவே தடுப்பை முற்றாக நீக்காது சிறிது காலம் தளர்த்தினால், நோய் விளையாமல் என்பு மட்டும் வளரும் என எதிர்பார்க்க இடமிருந்தது. அக்காலத்தில் என்புத் தேய்வுக்கு வழங்கிய மருந்துகளுட் பெரும்பாலானவை அழிவைத் தாமதப்படுத்தியனவேயன்றி ஆக்கத்தைத் தூண்டவில்லை. மாதவிடாய் நின்ற பின் பெண்களைப் பெருமளவில் தாக்கும் என்புத் தேய்வு செல்வ நாடுகளிற் பெருஞ் சந்தையாகவும் இருந்தது.

ஸ்கிளெரோஸ்ரினைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரி ஒன்று ஆக்கப்பட்டது. றொமோசொசுமாப் என்பது அதன் பெயர். 2014 இல் வெளியான சோதனையில், மாதமொருமுறை 210 மில்லிகிராம் பெற்றோரின் முதுகென்பு அடர்த்தி ஓராண்டில் 11.3 சதவீதம் கூடியது. 7,180 பெண்கள் பங்குபற்றி 2016 இல் வெளியான சோதனையில், மருந்து பெற்றோருக்கு ஓராண்டுக்குள் புதிய முதுகென்பு முறிவு ஏற்படும் வாய்ப்பு 73 சதவீதம் குறைந்தது. 2017 இல் வெளியான, 4,093 பெண்கள் பங்குபற்றிய மற்றொரு சோதனையிலோ, பாரதூரமான இருதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் பழைய மருந்து பெற்றோரில் 1.9 சதவீதமாகவும் புதிய மருந்து பெற்றோரில் 2.5 சதவீதமாகவும் காணப்பட்டன. 2019 இல் யப்பான், ஐக்கிய அமெரிக்கா, ஐரோப்பா ஆகியன அடுத்தடுத்து அனுமதி வழங்கின. மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய கடும் எச்சரிக்கையோடேயே அமெரிக்கா அனுமதித்தது. அங்கு ஒரு மாதத்துக்குரிய மருந்தின் அறிமுக விலை 1,825 டொலர்.

முதுமையில் இடுப்பும் முதுகும் முறிந்து படுக்கையில் விழும் பெண்களின் துயர் சிறிதன்று. அத்துயரைக் குறைக்கும் மருந்தைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயின் இவ்வறிவுக்குக் குருதி தந்த குடும்பங்களுக்கு இம்மருந்தாற் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: தடுப்பைத் தளர்த்துவதன்று, இல்லாத தடுப்பை வழங்குவது. ஆய்வுகூடத்தில் ஆக்கிய ஸ்கிளெரோஸ்ரினைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்க்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. ஆயினும் மண்டையோட்டைத் திறக்கும் சத்திரசிகிச்சையே நோயாளரின் புகலாக இன்றும் நிற்கின்றது. மரபணுச் சோதனையினால் காவிகளை அறிந்து ஆலோசனை கூற முடிவது அவர்களுக்குக் கிடைத்த ஒரு நன்மை எனலாம்.

என்பு இழக்கும் அரிய பரம்பரை நோயாளருக்காவது இம்மருந்து வழி பயன்பட்டதா? நொறுங்கும் என்பு நோய் எனத் தகும் ஒன்றை ஆம்ஸ்ரர்டாமைச் சேர்ந்த வ்றோலிக் 1849 இல் பெயரிட்டு விவரித்தார். 1979 இல் சிலென்ஸ் என்பவர் அதனை நான்கு வகையாகப் பிரித்தார். என்பின் அடிப்படை நாரான கொலாஜன் புரதத்தின் மரபணுக்களில் நேரும் பழுதே பெரும்பாலான நோயாளரில் இதற்குக் காரணம். 1998 இல் மொன்றியலைச் சேர்ந்த குளோறியூவும் சகாக்களும் என்பழிவைத் தாமதப்படுத்தும் பமிட்ரோனேற்று என்ற மருந்தைச் சிறுவர் 30 பேருக்கு வழங்கி நற்பயன் கண்டனர். அடுத்த படியாக, ஸ்கிளெரோஸ்ரினைத் தடுக்கும் இன்னொரு பிறபொருளெதிரியைக் கொண்டு இவர்களது என்பை வளர்க்க முயன்றனர். 2025 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இரு பெருஞ்சோதனைகளின் முடிவுகள் ஏமாற்றமளித்தன. என்பின் அடர்த்தி கூடியது. முறிவுகள் குறைந்தன என்பதோ நிறுவப்படவில்லை. பழுதுபட்ட கல்லைக் கொண்டு சுவரைத் தடிப்பாக்குவது வேறு, கல்லின் பழுதை நீக்குவது வேறு. ஒரு குடும்பத்தின் நோயிலிருந்து கற்றதை இன்னொரு குடும்பத்தின் நோய்க்கு அவ்வாறே பெயர்த்துவிட இயலாது.

மனிற்றோபா காட்டும் மறுபக்கம்

அரிய நோயாளரிடமிருந்து பெற்ற அறிவு அவர்களிடமே மீளாது என்பது இயற்கை விதியன்று. அதற்குச் சான்றாக இன்னொரு வரலாற்றைச் சுருங்க நோக்குவோம்.

1923 இல் இலண்டனைச் சேர்ந்த றொபேர்ட் றொபிசன், வளரும் என்பில் பொசுபேற்றை விடுவிக்கும் நொதியம் ஒன்றுண்டெனவும், அதுவே என்பை உறுதியாக்குகின்றதெனவும் கருத்து வெளியிட்டார். ஐயுற்றோர் பலர். 1948 இல் ரொறன்ரோவில் றாத்பன் என்ற வைத்தியர், என்பு உறுதியாகாமல் இறந்த குழந்தையொன்றின் உடலில் அந்நொதியம் மிகக் குறைந்திருந்ததை எடுத்துக்காட்டினார். அவர் ஹைப்போபொசுபற்றேசியா எனப் பெயரிட்ட இந்நோய், றொபிசனின் கருத்துக்குச் சான்றாயிற்று.

இந்நோயின் கடும் வடிவம் மிகுதியாகக் காணப்பட்டது கனடாவின் மனிற்றோபா மாகாணத்து மெனோனைற்று மக்களிடையேயாகும். அங்கு ஏறத்தாழ 2,500 பிறப்புகளுக்கு ஒன்றாக இந்நோய் கணிக்கப்பட்டது. காவிகள் இருபத்தைவரில் ஒருவர். இவர்களது மூதாதையருட் பலரும் ஒல்லாந்தரே. ஆயுதமேந்த மறுக்கும் சமயக் கொள்கையினால் ஒல்லாந்திலிருந்து விஸ்ற்றுலா நதிமுகத்துக்கும், 1789 முதல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதிக்கும், அங்கும் கட்டாயப் படைச்சேவை வரவே 1874 இல் மனிற்றோபாவுக்கும் அவர்கள் பெயர்ந்தனர். ஆபிரிக்கானர் நிலத்தைக் கைப்பற்றச் சென்றோரின் சந்ததி. மெனோனைற்றரோ மனச்சாட்சியின் பொருட்டு நிலத்தைத் துறந்தோரின் சந்ததி. மரபணுவுக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை.

1980களில் இந்நொதியம் மிகுந்த குருதித் திரவத்தை நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தனர், பயனளிக்கவில்லை. நொதியம் குருதியிற் சுற்றியதேயன்றி என்பை அடையவில்லை. 1988 இல் மரபணுவின் முதல் விகாரம் கண்டறியப்பட்டது. பின்னர், என்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும் வால் போன்றதொரு பகுதியை நொதியத்தோடு இணைத்து மருந்தாக்கினர். 2012 இல் மைக்கல் வைற்றும் சகாக்களும் கடுமையாக நோயுற்ற பச்சிளங் குழந்தைகளும் சிறுவருமாக 11 பேரிற் செய்த சோதனையை வெளியிட்டனர். மூச்சுவிடத் துணையாக நிற்க வேண்டிய விலாவென்பே உருவாகாதிருந்த பிள்ளைகளிற் பலரின் என்பு அதில் உறுதியடைந்தது. 2015 இல் அஸ்போற்றேஸ் அல்பா என்ற பெயரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இங்கு மருந்து நோயாளரிடமே மீண்டது.

இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? ஒரு காரணம் உயிரியல் சார்ந்தது: தடுப்பது, இல்லாததை என்பிடம் கொண்டுசேர்ப்பதிலும் எளிது. மற்றொரு காரணம் சமூகம் சார்ந்தது. அரிய நோய்களுக்கு மருந்து ஆக்குவோருக்கு ஏழாண்டுத் தனிவிற்பனை உரிமை முதலிய சலுகைகளை வழங்கும் சட்டத்தை ஐக்கிய அமெரிக்கா 1983 இல் இயற்றியது. இரண்டு இலட்சத்திலும் குறைந்தோரைத் தாக்கும் நோய்கள் அதில் அடங்கின. சந்தை திரும்பிப் பாராத நோயாளரைச் சட்டம் பார்க்க வைத்தது. எனினும் அது சந்தையின் விதியை மாற்றவில்லை. விலையை உயர்த்தியே நோயாளரைச் சந்தைக்குள் கொண்டுவந்தது. அஸ்போற்றேஸ் அல்பாவின் விலை ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் டொலர். அரசோ காப்புறுதியோ தாங்காவிடின் எக்குடும்பமும் அதனை வாங்க இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மரபணுவை இலக்காகக் கொண்ட என்பு மருத்துவம் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறக்கவில்லை என்பது பெறப்படும். குடியேற்றமும் ஒதுக்கமும் மணவுறவு வேலிகளும் நோய்களைச் செறியச் செய்தன. பதிவேடுகள் அவற்றைத் தேட உதவின. குடும்பங்களின் ஒத்துழைப்பு மரபணுவைக் காட்டியது. அறிவு எப்பக்கம் பயன்படும் என்பதைப் பெருமளவுக்குச் சந்தையும் சட்டமும் முடிவு செய்தன.

நம் நாட்டிலும் ஒல்லாந்தர் தோம்புகளை விட்டுச் சென்றுள்ளனர். கரையோர மக்களின் திருமணமும் ஞானஸ்நானமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. மச்சான் மச்சாள் உறவில் மணம் புரியும் வழக்கமும் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. நமது குடும்பங்களிலும் பெயரறியாத பரம்பரை நோய்கள் இருத்தல் கூடும். நாளை ஒருநாள் யாரேனும் அவற்றைத் தேடி வருவாராயின், குருதியைக் கொடுக்குமுன் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இவ்வறிவு யாரிடமிருந்து செல்கின்றது என்பதோடு, யாரிடம் மீளும் என்பதே அவ்வினா.

63 பேரின் வரலாற்றில் 34 மரணங்கள் இருந்தன. மருத்துவ நூல்களில் அவர்கள் எண்களாக உள்ளனர். முதிய பெண்ணொருத்தி முதுகு முறியாமல் எழுந்து நடக்கும்போது, அந்நடையில் அவர்களது பங்கும் உண்டு. விஞ்ஞானத்தின் வெற்றியைப் பாராட்டும் நாம் அப்பங்கையும் சேர்த்து எழுதுவோமாயின், அதுவே நேர்மையான வரலாறாகும்.